முழங்கால் பாதியில் சிக்குது, பிடித்த பூட்டும் நழுவுது: எங்கே பிழை?

ஹட்டன்_ஜூடோ:

வணக்கம். நாங்கள் ரெண்டு பேர், ஜூடோவிலிருந்து பிரேசில் ஜியு-ஜிட்சு பக்கம் வந்தவர்கள். ஒருவர் 62 கிலோ, மற்றவர் 78. ஹட்டனில் ஒரு மண்டபத்தில் 1 மீட்டர் சதுர புதிர் மெத்தை எட்டை ரெண்டு வரிசையாகப் போட்டு வாரம் மூன்று நாள் பயிற்சி. பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லை. வாராவாரம் கொழும்புக்கு இறங்கி ஏறக் கட்டுபடியாகாது. உடுப்பு பழைய ஜூடோ உடுப்புதான்.

ஜூடோவில் 20 வினாடி அழுத்திப் பிடித்தால் இப்போன், கதை முடிந்தது. இங்கே அழுத்திக்கொண்டே இருந்தாலும் ஆட்டம் முடிவதில்லை. 62 கிலோ ஆள் மேலே இருக்கும்போது வருகிற சிக்கல் மூன்று.

ஒன்று: க்ளோஸ்ட் கார்டை (கீழே கிடப்பவர் நம் இடுப்பைச் சுற்றிக் கால்களைப் பூட்டிக்கொள்வது) திறக்க முழங்கையால் தொடையை அழுத்தினால் நேரம்தான் போகிறது. ஒரு கையை உள்ளே விட்டால் ட்ரையாங்கிளில் (கழுத்தையும் ஒரு கையையும் காலால் சுற்றி நெரிக்கும் பூட்டு) மாட்டுகிறது.

ரெண்டு: நீ கட் (முழங்காலை அவர் தொடைக்குக் குறுக்கே வெட்டிக் காலைத் தாண்டும் முறை) போடும்போது முழங்கால் தரைக்குப் போய்விடுகிறது, ஆனால் பாதம் அவர் ரெண்டு காலுக்கு நடுவே சிக்கி நிற்கிறது. அந்த இடைவெளியில் அவர் அண்டர்ஹுக் எடுத்து (என் அக்குளுக்குள் கை விட்டு) எழும்பி முதுகுப் பக்கம் போய்விடுகிறார்.

மூன்று: தப்பித் தவறி பாஸ் (அவர் கால்களைத் தாண்டிப் பக்கவாட்டுக்கு வருவது) முடிந்தாலும் அமெரிக்கானா (தோள் பூட்டு), ஆர்ம் ட்ரையாங்கிள் (கழுத்துப் பூட்டு), ஆர்ம்பார் (முழங்கைப் பூட்டு) எதுவும் முடிவுக்கு வருவதில்லை. கை வலித்துப் போய் விட்டுவிட வேண்டியிருக்கிறது.

பலம் போதாததா, முறை பிழையா?

---

தலவாக்கலை_மெத்தை:

தம்பி, மூணு கேள்வி மாதிரித் தெரியுது, உண்மையில ஒண்ணுதான். கீழே கிடக்கிறவரோட கிட்டக்கை எங்கே இருக்குதுங்கிறதுதான் விஷயம். அதைக் கேட்காம முழங்காலை மட்டும் அனுப்பினா பாஸும் நிற்காது, பூட்டும் விழாது.

முதல்ல ஒரு சின்ன விஷயம். "நீ கட்" என்று எழுதினா "நீ போய் வெட்டு" என்கிற மாதிரி வாசிக்கிறாங்க, அதனால முழங்கால் வெட்டு என்றே எழுதுறேன். திசை குழம்பாம இருக்க, நீங்க வலது முழங்காலால வெட்டி அவரோட வலது விலாப் பக்கம் போய் இறங்குறீங்க என்று வைச்சுக்குவோம். அப்போ கிட்டக்கை என்கிறது அவரோட வலது கை.

க்ளோஸ்ட் கார்ட்: முழங்கையால தொடையைக் குத்துறதை இன்றோட விட்டுடுங்க. வலி தாங்குறவர்கிட்ட அது வேலை செய்யாது. குனிஞ்சு குத்தும்போது உங்க தலை முன்னுக்குப் போகுது, அதைத்தான் அவர் எதிர்பார்த்துக்கிட்டு இருப்பார். எழும்பித் திறங்க. வலது கையால அவரோட ரெண்டு கொலரையும் சேர்த்து நெஞ்செலும்புக்கு மேல அழுத்திப் பிடிங்க. இடது கையால அவரோட வலது கைச்சட்டையைப் பிடிச்சு அவர் வயித்தோட ஒட்டி வைங்க. இப்போ முதல்ல ஊன்ற வேண்டியது இடது கால். ஏன் என்றால், உங்க இடது காலை அள்ளக்கூடிய கை அவரோட வலது கை, அது உங்க பிடியில இருக்குது. எதிர்க்காலை முதல்ல தூக்கினீங்க என்றா அவர் இடது கையால அதை அள்ளி உங்களை உருட்டி விடுவார். புதுசா வர்றவங்க எழும்பும்போதே விழுறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ரெண்டு காலும் ஊன்றின பிறகு முதுகு நேர், பார்வை எதிர்ச் சுவர், இடுப்பு முன்னுக்கு. கொழுந்து மூட்டையைத் தூக்குற மாதிரி இடுப்பாலதான் எழும்பணும், முதுகை வளைக்கக் கூடாது. இடுப்பு முன்னுக்குப் போகப் போக அவர் கணுக்கால் பூட்டு நீளும். அந்த நேரத்துல வலது கையைக் கொலரிலிருந்து எடுத்து, அவரோட இடது முழங்காலை உள்பக்கமிருந்து கீழே தள்ளிக்கிட்டே வலது காலைப் பின்னுக்கு எடுங்க. பூட்டு திறக்கும். திறந்ததும் நின்று ரசிக்காம, அதே வலது முழங்காலை அவர் ரெண்டு தொடைக்கு நடுவே கொண்டு வந்து பாதி இருந்துடுங்க. முழங்கால் வெட்டு அங்கே இருந்துதான் தொடங்கும்.

ட்ரையாங்கிளுக்கு மருந்து ஒரே விதி: ரெண்டு கையும் உள்ளே, இல்லாட்டி ரெண்டு கையும் வெளியே. ஒண்ணு உள்ளே ஒண்ணு வெளியே என்றா நீங்களே கழுத்தைக் கொடுத்த மாதிரி.

இப்போ முழங்கால் வெட்டு. நீங்க செய்ற வரிசை: முழங்கால், அப்புறம் கை. அதை அப்படியே திருப்பிப் போடுங்க.

முதல்ல இடது கை. அவரோட வலது முழங்கைக்கு மேல இருக்கிற துணியைப் பிடிச்சு மேல் நோக்கி இழுங்க. முழங்கை விலாவை விட்டு ஒரு சாண் விலகினாப் போதும், உங்க இடது கை அக்குளுக்குள்ள போயிடும். கையைக் கிள்ளுற மாதிரி விரலால பிடிக்காம, உங்க முழங்கை அவர் அக்குளோட ஒட்டுற அளவு ஆழம் போகணும். அடுத்தது வலது கை, அவர் இடது தோள்ப்பக்கக் கொலரில், இல்லாட்டி தலைக்குக் கீழ போய் க்ராஸ்ஃபேஸா. உங்க தோள்பட்டை அவர் தாடையைத் திருப்பி வைக்கணும். முகம் எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தப் பக்கந்தான் உடம்பு திரும்பும். முகம் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தா அவரால உங்க பக்கம் புரண்டு எழும்ப முடியாது.

இந்த ரெண்டும் ஆன பிறகுதான் முழங்கால். நேரா வயித்துக்கு ஏறாம, குறுக்கால, அவரோட வலது இடுப்பெலும்பைத் தாண்டி தரையைத் தேடிப் போகணும். உங்க கெண்டைக்கால் அவரோட வலது தொடையை மரக்கட்டையை வைச்ச மாதிரி அழுத்தி நிற்கும். இடது கால் தூரமா ஊன்றி, கால்விரல் மடிச்சு, பின்னாலிருந்து தள்ளிக்கிட்டே இருக்கணும். இடுப்பு உயர்ந்தா எடை போயிடும்.

பாதம் சிக்குறதைப் பற்றி: சிக்கட்டும். பிரச்சினை பாதம் சிக்கினது இல்லை, சிக்கினவுடனே நீங்க அதை இழுக்கப் போய் மேல்பக்கத்தை விட்டுக்கொடுக்கிறது. அண்டர்ஹுக்கும் க்ராஸ்ஃபேஸும் உங்ககிட்ட இருந்தா அவர் மல்லாந்தபடிதான் கிடப்பார், அவசரமே இல்லை. முதல்ல குதிகாலை உங்க பிட்டத்துப் பக்கம் மடிங்க, பூட்டுக்குள்ள இடம் குறையும். அப்புறம் வெளியில இருக்கிற இடது பாதத்தை அவரோட கால் பூட்டு மேல வைச்சுத் தள்ளுங்க, வலது பாதம் உருவிக்கிட்டு வந்துடும். வந்ததும் வலது இடுப்பு தரையில, முகம் அவர் தலைப்பக்கம். ஜூடோக்காரருக்கு இது புது இடமே இல்லை, பக்கத்துல உட்கார்ந்து அழுத்திப் பிடிக்கிற கெசா-கதமேதான். கழுத்தை மட்டும் கட்டிப்பிடிக்கிற பழைய கெசா வேண்டாம், அக்குளுக்குள்ள கை போட்ட குசுரே வகைதான் வேணும். வெறும் கழுத்துப் பிடியில இருந்தா முதுகுப் பக்கம் சுலபமா வந்துடுவாங்க.

அவர் உங்களுக்கு முந்தி அண்டர்ஹுக் எடுத்துட்டாரா? தொடராதீங்க. இடது கையால அவர் கைக்கு மேலால சுற்றி ஓவர்ஹுக் போட்டு, இடுப்பை இறக்கி, அவரை மறுபடி மல்லாத்துங்க. அது முடியலைன்னா முழங்காலைப் பின்னுக்கு எடுத்து முதல்ல இருந்து. தோத்த அண்டர்ஹுக்கோட முன்னுக்குப் போறதுதான் முதுகைக் கொடுக்கிற வழி.

---

கண்டிக்காரி:

மேலே எழுதிய அண்ணன் சொன்ன வரிசை சரி. ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். 62 கிலோ ஆள் 78 கிலோ ஆளின் மேல் எடையை மட்டும் நம்பி வேலை செய்தால் களைத்துப்போவார். கார்ட் திறந்தவுடன் பாதி இருக்காமல் கொஞ்சம் நின்றபடி டொரியாண்டோ பாஸை மிரட்டிவிட்டு, பிறகு முழங்கால் வெட்டுக்குப் போவது இலேசானவருக்குப் பொருந்தும். காளைச் சண்டை வீரர் துணியைக் காட்டி ஒதுங்குவது போன்ற ஆட்டம் என்பதால் வந்த பெயர் அது.

பிடி முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கால்சட்டையின் உள்பக்கத் துணியில். கணுக்காலில் பிடித்தால் அவர் முழங்காலை மடக்கி உள்ளே கொண்டுவந்துவிடுவார், பிடி இருந்தும் பயன் இல்லை. கால்சட்டை வாய்க்குள் விரலை விட்டுப் பிடிப்பது ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசில் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதிப்படி குற்றம், கைச்சட்டை வாயும் அப்படியே. இந்தக் கெட்ட பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள்.

ரெண்டு முழங்காலையும் அவர் நெஞ்சை நோக்கி ஒருமுறை தள்ளுங்கள். அவர் எதிர்த்து உதைப்பார். அந்த உதையின்போது ரெண்டு காலையும் ஒரு பக்கமாகத் தரைக்கு அழுத்தி, மறுபக்கம் பாதம் அவர் இடுப்புக்கு நேரே வரும்வரை நடங்கள். கை தள்ளுகிறது, கால் நிற்கிறது என்றால் பாஸ் இல்லை. கைகள் நீண்டு, முழங்கை மடியாமல், எடை கைவழியாக அவர் காலில் இறங்க வேண்டும். தோள்பட்டை அவர் நெஞ்சிலோ இடுப்பிலோ தொடும்வரை கால்சட்டையை விடாதீர்கள். தாண்டிவிட்டோம் என்று நினைத்து அரை வினாடி முந்தி விடுகிறபோதுதான் முழங்கால் மறுபடி நடுவே வந்துவிடுகிறது.

அவர் அவசரமாக உங்கள் பக்கம் திரும்பி, கால்களை மீண்டும் நேரே கொண்டுவருவார். அப்போது தொடை ரெண்டுக்கும் நடுவே வாசல் திறந்து கிடக்கும். முழங்கால் வெட்டு அங்கே நுழையும். ஆள் காலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போது கையை மறந்திருப்பார், ஆகவே அண்டர்ஹுக்கும் லேசாகக் கிடைக்கும். வலது, இடது, வலது என்று ரெண்டு மூன்று தடவை மாற்றினாலே போதும்.

---

தலவாக்கலை_மெத்தை:

அக்கா சொல்றது சரிதான், ஆனா தம்பியோட மெத்தை அகலம் 2 மீட்டர்! ரெண்டு அடி பக்கவாட்டுல நடந்தா சீமெந்துத் தரை. அந்த இடத்துல டொரியாண்டோ ஓடினா முழங்கால் சில்லு போயிடும். இருக்கிற இடத்துக்கு ஏத்த பாஸ் என்றா முழங்கால் வெட்டும், ஒரு கை அவர் காலுக்கு மேலாலும் மற்றக் கை மறுகாலுக்குக் கீழாலும் போட்டு அழுத்திப் போற ஓவர்-அண்டரும்தான். பெர்னார்டோ ஃபாரியா ஓவர்-அண்டரை வைச்சே உலகப் பட்டம் எடுத்தவர், ஓடித் திரிஞ்சு இல்லை.

---

கண்டிக்காரி:

ஒத்துக்கொள்கிறேன். எட்டு மெத்தையையும் நீளவாக்கில் பயன்படுத்தி, கீழே இருப்பவரின் தலையும் காலும் அகலப்பக்கத்தில் இருக்கும்படி குறுக்கே படுக்க வைத்தால் பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் போல கிடைக்கும். தலை விளிம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் மெதுவான பயிற்சிக்கு மட்டும்.

---

ஹட்டன்_ஜூடோ:

ரெண்டு பேருக்கும் நன்றி. கையை முதலில் எடுத்துப் பார்த்தோம், எழும்பி முதுகுக்குப் போகிறது நின்றுவிட்டது. இப்போது புதுச் சிக்கல்: அவர் இடது முழங்காலைக் குறுக்கே என் நெஞ்சுக்கு வைத்துத் தடுக்கிறார். முழங்கால் கவசம் என்கிறார்களே, அது. அண்டர்ஹுக் கிட்டவே போக முடியவில்லை.

---

தலவாக்கலை_மெத்தை:

அதை மார்பால தள்ளாதீங்க, அதுக்குத்தான் அவர் வைச்சிருக்கார். நீங்க தள்ளத் தள்ள அவர் காலுக்குத்தான் பலம். ரெண்டு முழங்காலையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குங்க. வலது கையால அவர் இடது முழங்காலின் வெளிப்பக்கத்தைப் பிடிச்சு, அவரோட வலது பக்கத் தரையை நோக்கி அழுத்துங்க. அழுத்தும்போது உங்க இடுப்பை அதுக்கு மேல இறக்கி உட்காருங்க. அவர் இடுப்பு முறுகி, ரெண்டு காலும் ஒரே பக்கம் சாஞ்சு கிடக்கும். இடுப்பும் தோளும் வெவ்வேற திசை பார்த்தா எந்தப் பெரிய ஆளுக்கும் பலம் வராது. அங்கேயே மூணு நாலு மூச்சு விட்டு இருங்க. அவர் தப்பிக்க முழங்காலை வெளியே இழுப்பார், இழுத்தவுடனே மேல்பக்கம் காலி, இடது கை அக்குளுக்குள்ள போகும்.

கவசம் உயரமா, தோள்கிட்ட இருந்தா இந்த அழுத்தம் சரியா விழாது. அப்போ கொஞ்சம் பின்னுக்கு எழும்பி, அவரைக் காலை நீட்ட வைச்சு, திரும்ப வாங்க.

---

பழைய_பட்டி_பண்டாரவளை:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பாஸ் முடிந்தபிறகு "இனி எந்தப் பூட்டு போடலாம்" என்று யோசிக்கத் தொடங்குகிறீர்கள். அதற்குள் அவர் ரெண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி, கையை நெஞ்சில் மடித்துக்கொள்வார். பிறகு பூட்டு எங்கே? மேலே தலவாக்கலைத் தம்பி சொன்ன அண்டர்ஹுக்கை நீங்கள் ஒழுங்காக எடுத்திருந்தால் அவருடைய வலது கை ஏற்கெனவே விலாவை விட்டு மேலே வந்திருக்கும். அதைக் கீழே இறங்க விடாதீர்கள். முதல் பூட்டு அங்கேயே தயார்.

ஆர்ம் ட்ரையாங்கிள் என்று நீங்கள் எழுதியது ஜூடோவின் கதா-கதமேதான். ஜூடோவில் அதைப் பிடித்து வைக்கிற பிடியாகப் பழகியிருப்பீர்கள், இங்கே மூச்சடைக்க வைக்கிற பூட்டாகப் போட வேண்டும். உண்மையில் மூச்சை அடைப்பதும் இல்லை. கழுத்தின் ரெண்டு பக்கமும் ஓடுகிற இரத்தக்குழாயைத்தான் அழுத்துகிறோம். ஒரு பக்கம் அவருடைய சொந்த வலது தோள், மறுபக்கம் உங்கள் வலது கைச் சதை.

இடது கையால் அவர் வலது முழங்கையைத் தூக்கி, அவர் முகத்துக்குக் குறுக்கே, மூக்கைத் தாண்டித் தள்ளுங்கள். மூக்குவரை வந்து நின்றால் போதாது, தாண்ட வேண்டும். தள்ளிய கை திரும்பி வராமல் உங்கள் தலையை அதன் பின்னால் வைத்து, காதோடு காது ஒட்டும்படி நெற்றியைத் தரைக்குக் கொண்டுபோங்கள். உங்கள் வலது கை ஏற்கெனவே தலைக்குக் கீழே இருக்கிறது. அதை இன்னும் ஆழமாக விட்டு, முழங்கை மடிப்பு அவர் பிடரிக்குப் பக்கத்தில் வரச் செய்து, ரெண்டு உள்ளங்கையையும் கோர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லாரும் உடனே கையால் நெரிக்கிறார்கள், உங்களுக்குக் கை வலிக்கிறது என்றால் அதுதான் காரணம். நெரிக்காதீர்கள். இடுப்பைத் தரையோடு ஒட்டி, அவருடைய வலது பக்கத்திலேயே, அவர் தலையை நோக்கிச் சின்னச் சின்ன அடியாக நடங்கள். கடிகார முள் நகர்கிற மாதிரி, தலை அச்சில், கால் நகர்கிறது. நடக்க நடக்க நெஞ்சு அவர் தோளைக் கழுத்துக்குள் தள்ளும். அதன்பிறகு மட்டும் முழங்கைகளை ஒன்றையொன்று நோக்கி இறுக்கி, மெதுவாகப் பத்து எண்ணுங்கள். ஒழுங்காக விழுந்தால் அதற்கு முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டிவிடுவார். தாடை வலிக்கிறது, தொண்டை நசுங்குகிறது என்று அவர் சொன்னால் உங்கள் கை ஆழம் போதவில்லை, அல்லது அவர் முழங்கை மூக்கைத் தாண்டவில்லை. டெலிபோன் பேசுகிற மாதிரி கையைத் தன் காதில் வைத்து இடைவெளி எடுப்பதுதான் அவருடைய முதல் தற்காப்பு. பூட்டு கட்டியபிறகு அதை உடைப்பது கடினம், கட்டுமுன் முழங்கையைத் தள்ளுவது சுலபம்.

அவர் வலது கையைப் பிடுங்கி இறக்கிவிட்டார் என்றால் தூரக்கை, அதாவது இடது கை. உங்கள் முகத்தையோ இடுப்பையோ தள்ள அதைத்தான் நீட்டுவார். அந்தக் கையின் விரல்கள் தலைப்பக்கம் பார்த்துக் கிடந்தால் அமெரிக்கானா. கால்பக்கம் பார்த்துக் கிடந்தால் கிமுரா. எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்காமல், நினைத்த பூட்டுக்கு அந்தக் கையைத் திருப்பப் போவது வீண் சண்டை.

அமெரிக்கானாவுக்கு நெஞ்சோடு நெஞ்சு குறுக்காக வந்து, தலைப்பக்கம் இருக்கிற கையால் அவர் மணிக்கட்டைத் தரைக்கு அழுத்துங்கள். கட்டைவிரலைச் சுற்றாமல் ஐந்து விரலும் ஒரே பக்கம் வைத்தால் எடை நன்றாக இறங்கும். மற்றக் கை அவர் மேற்கைக்குக் கீழால் போய் உங்கள் சொந்த மணிக்கட்டைப் பிடிக்கும். இப்போது உடனே முழங்கையைத் தூக்கினால் ஒன்றும் நடக்காது, இளகின தோள்க்காரர் சிரித்துக்கொண்டே கிடப்பார். அவர் புறங்கை தரையை விட்டு எழாதபடி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி, முழு அமைப்பையும் அவர் இடுப்பை நோக்கி இழுங்கள். முழங்கை விலாவை நெருங்கியதும் தோளில் இருந்த இளக்கம் எல்லாம் தீர்ந்துபோகும். அதற்கப்புறம் முழங்கையை ரெண்டு அங்குலம் தூக்கினாலே தட்டுவார். மெதுவாகத் தூக்குங்கள், தோள் மூட்டு எச்சரிக்காமல் போகிற மூட்டு.

கிமுராவும் அதே கணக்கு, திசை மட்டும் எதிர். ஜூடோவில் உதே-கராமி என்றுதான் படித்திருப்பீர்கள். 1951 ஒக்டோபர் 23ஆம் திகதி ரியோவில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசஹிகோ கிமுரா, பிரேசில் ஜியு-ஜிட்சுவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹேலியோ கிரேசியின் கையை இந்தப் பூட்டில் உடைத்தார். தோற்றவர் பக்கமே வென்றவர் பெயரைப் பூட்டுக்கு வைத்துக்கொண்டது, அது பெரிய மனசுதான்.

இன்னொன்று. உங்களிடம் இருப்பது ஜூடோ உடுப்பு, தடித்த கொலர். மேலே ஏறி மவுண்ட் எடுத்தால் (அவர் உடம்பின் ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால்) குறுக்குக் கொலர் சோக்கை, அதாவது கொலரால் கழுத்தை நெரிப்பதை, மறக்காதீர்கள். ரோஜர் கிரேசி கறுப்புப் பட்டிக்காரர்களையே அந்த ஒரு பூட்டால் தட்ட வைத்தவர். முதல் கை நான்கு விரலும் உள்ளே, பிடரியில் இருக்கிற கொலரைத் தொடுமளவு ஆழம். ஆழம் போகாத முதல் கையோடு ரெண்டாவது கையை அனுப்புவது நேர விரயம். ரெண்டாவது கை கட்டைவிரல் உள்ளே. பிறகு தலையைத் தரைக்கு இறக்கி, முழங்கைகளை விரிக்காமல் உங்கள் விலாவுக்கு இழுங்கள்.

---

ஹட்டன்_ஜூடோ:

ஐயா, அருமை. ஆர்ம்பார் பற்றி ஒரு வார்த்தை. பின்னால் சாய்ந்ததும் அவர் கை முறுகி, உருண்டு எழும்பிவிடுகிறார்.

---

பழைய_பட்டி_பண்டாரவளை:

கட்டைவிரல். அவர் கட்டைவிரல் கூரையைப் பார்க்க வேண்டும். அது அவர் தலைப்பக்கம் சாய்ந்து தரையை நோக்கினால் அவர் உருளத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம், அந்தக் கட்டைவிரல் காட்டுகிற பக்கம்தான் உருள்வார். மணிக்கட்டை ரெண்டு கையாலும் பிடித்து உங்கள் நெஞ்சோடு ஒட்டி, கட்டைவிரலைத் திருத்திக்கொண்டு பிறகு சாயுங்கள்.

ரெண்டாவது காரணம் உங்கள் பிட்டம் அவர் தோளை விட்டுத் தூரம் இருப்பது. சாயுமுன் பிட்டம் தோளோடு ஒட்ட வேண்டும். தோளுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கை போகிற இடம் இருந்தால் அந்த இடத்தால் முழங்கை நழுவும். ரெண்டு முழங்காலும் அவர் மேற்கையைக் கவ்வ வேண்டும். பாதங்களைக் குறுக்கே போடுவதை விட முழங்கால் நெருக்கம் முக்கியம். குதிகால்கள் தரையை நோக்கி இழுக்கட்டும், ஒன்று முகத்துக்கு மேலால், ஒன்று நெஞ்சுக்கு மேலால். இவை எல்லாம் ஆன பிறகு இடுப்பைத் தூக்குங்கள். கையை இழுப்பது பூட்டு ஆகாது, இடுப்பு எழும்புவதுதான் பூட்டு.

கைகளைக் கோர்த்துக்கொண்டு விட மறுத்தால் நேர் பின்னால் இழுக்காதீர்கள். உங்கள் முழங்கை மடிப்பை அவர் மணிக்கட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய், அவர் தலைப்பக்கம் சரிந்து சாயுங்கள். கோர்வை அந்தத் திசையில்தான் பலவீனம்.

---

கண்டிக்காரி:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. பாஸ் முடிகிற நேரத்தில் அவர் உங்களுக்கு முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் புரண்டால் கெசாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு கை தோளுக்கு மேலாலும் ஒரு கை அக்குளுக்குக் கீழாலும் போட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டு, குதிகால்களைத் தொடைக்குள் கொக்கி போடுங்கள். பாஸுக்கு 3 புள்ளி, முதுகுக்கு 4. ரெண்டுக்கும் 3 வினாடி நிலைநிறுத்திக் காட்ட வேண்டும். ஜூடோவில் குப்புறப் புரண்டால் நடுவர் நிறுத்தி எழுப்பிவிடுவார் என்ற பழக்கத்தில் நீங்கள் விட்டுவிடுவீர்கள், இங்கே யாரும் நிறுத்தமாட்டார்கள்.

பயிற்சி முறை: பாஸை முழு எதிர்ப்போடு தொடங்காதீர்கள். முதல் பத்துத் தடவை எதிர்ப்பே இல்லாமல், அண்டர்ஹுக் முந்தி, முழங்கால் பிந்தி என்ற வரிசை உடம்பில் பதிய. பிறகு 2 நிமிடச் சுற்று: அரைக் கார்டில் முழங்கால் தரையில், பாதம் சிக்கிய நிலையில் தொடங்குங்கள். மேலே இருப்பவர் பாஸ் செய்தால் அல்லது கீழே இருப்பவர் அண்டர்ஹுக்கோடு எழும்பினால் நிறுத்தி, மறுபடி அதே இடம். 78 கிலோ ஆள் கீழே இருக்கும்போது ஐந்து சுற்று, மேலே இருக்கும்போது மூன்று போதும், 62 கிலோவின் விலாவும் மனித விலாதான்.

தட்டினால் விடுவது எல்லாருக்கும் தெரியும். கை ரெண்டும் கட்டுண்டு கிடக்கும்போது காலால் தரையைத் தட்டினாலும், வாயால் சொன்னாலும் அதுவும் தட்டுதான். சோக்கில் ஆள் தட்டாமலே தளர்ந்துவிட்டால் உடனே விட்டு, மல்லாத்திப் படுக்க வைத்து காலை உயர்த்துங்கள். வழக்கமாகச் சில வினாடியில் முழிப்பு வரும். வராவிட்டால் வைத்தியசாலை. வந்தாலும் அன்றைக்கு அவருக்குப் பயிற்சி இல்லை.

---

ஹட்டன்_ஜூடோ:

சரி அக்கா. கடைசியாக ஒன்று: மழைக்காலத்தில் உடுப்பு மூன்று நாளானாலும் காய்வதில்லை. ஈர உடுப்போடு செய்தால் பிடியும் நழுவுது.

---

தலவாக்கலை_மெத்தை:

தலவாக்கலையிலும் அதே கதைதான். ரெட்டை நெசவு ஜூடோ உடுப்பு மேயிலிருந்து செப்டம்பர் வரைக்கும் வெளியில காயாது. முறுக்கிப் பிழியாம, பழைய துவாயில சுருட்டி மிதிச்சுத் தண்ணியை எடுங்க, அப்புறம் வீட்டுக்குள்ள அடுப்பங்கரைப் பக்கம், புகை படாத இடத்துல, கைச்சட்டையை விரிச்சுப் போடுங்க. கொலர்தான் கடைசியாக் காயும், அதைத் தொட்டுப் பாருங்க. ஈரக் கொலரோட உருண்டா கழுத்துல படர்தாமரை வர்றதுக்கு ஒரு வாரம் போதும், ரெண்டு பேருக்கும் மாறி மாறி வரும். முடிஞ்சா வாரத்துல ஒரு நாள் உடுப்பே இல்லாம இறுக்கமான டீ-சேட்டும் கட்டைக் கால்சட்டையும் போட்டுச் செய்ங்க. அண்டர்ஹுக், க்ராஸ்ஃபேஸ், கதா-கதமே மூணுக்கும் துணி தேவையே இல்லை, மேலே சொன்ன முழங்கால் வெட்டு அப்படியே ஓடும். இடது கைக்குத் துணி கிடைக்காத இடத்துல முழங்கைக்கு மேல இருக்கிற சதையைக் கொக்கி மாதிரி வளைச்சுத் தூக்குங்க.

குளிர்ல புதிர் மெத்தை இறுகி வழுக்கும், அதனால முதல் பத்து பன்னிரண்டு நிமிஷம் இடுப்பு நகர்த்தலும் தோள் சுத்தலும் இல்லாம அமெரிக்கானாப் பக்கமே போயிடாதீங்க.

---

ஹட்டன்_ஜூடோ:

வெள்ளிக்கிழமை மெத்தையில் குறுக்கே படுத்து, சிக்கிய பாதத்தில் இருந்து 2 நிமிடச் சுற்று தொடங்குகிறோம். கதா-கதமே நடையில் சந்தேகம் வந்தால் இதே இடத்தில் கேட்கிறேன்.